தூரமோ என்று கேட்கிற ஊர்

என் வீட்டுக்காரர் முப்பது வருடம் யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் தொண்டையால் சம்பாதித்தவர். உத்தியோகத்தின் பெயர் நேரக் கணிப்பாளர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று பார்த்துக் குறித்து அனுப்புகிற வேலை. செய்தது முழுக்கக் கத்தல்தான். பருத்தித்துறை பஸ்காரனோடு கத்துவார், பிளேன்ரீ குடித்துக்கொண்டு நிற்கிற சாரதியோடு கத்துவார், தப்பான பஸ்ஸில் ஏறுகிற சனத்தோடு கத்துவார். வீட்டுக்கு வந்தும் அந்தச் சத்தம் குறையாது. சோறு கேட்பதே அடுத்த ஒழுங்கைக்குக் கேட்கும். நான் வீட்டில் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறவள். மெஷின் சத்தத்துக்குள்ளும் அவருடைய சத்தம் கேட்கும்.

ஓய்வு எடுத்து மூன்றாம் வருடம் ஒரு காலை, கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையை விட்டுவிட்டார். பாரிசவாதம். வலக்கையும் வலக்காலும் இழுத்துக்கொண்டன. உயிர் தப்பியது, கையும் காலும் பாதிக்கு வந்தன, பேச்சு வரவில்லை. நாங்கள் சொல்வது எல்லாம் அவருக்கு விளங்கும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் 'ஆ' என்று ஒன்று வரும், பிறகு முகம் சிவக்கும், பிறகு கையால் மேசையில் அடிப்பார்.

பார்க்க வந்த சனம் எல்லாம் ஒரே பாட்டு. "கொழும்புக்குக் கொண்டு போங்கோ." தோடம்பழப் பையை வைத்துவிட்டு, அவர் முன்னாலேயே என்னிடம் கேட்பார்கள்: "அவர் சாப்பிடுறவரோ? அவருக்கு ஆக்களை விளங்குதோ?" அவர் இரண்டு அடி தள்ளிக் கதிரையில் இருக்கிறார். அவரிடம் கேட்டால் என்ன? ஒருவரும் கேட்கவில்லை. செத்த வீட்டில் கதைக்கிற குரலில் கதைத்துவிட்டு, எழும்பும்போது மறுபடியும், "கொழும்பிலைதான் உதுக்கெல்லாம் வைத்தியம்."

எங்கள் ஆட்களுக்கு இது ஊறிப்போன பழக்கம். பல்லு ஆடினாலும் கொழும்பு. கண்ணாடிக்கு இலக்கம் மாற்றவும் கொழும்பு. ஊரில் அந்த வைத்தியம் இருக்கிறதா என்று விசாரிப்பதற்கு முன்னமே பஸ்ஸுக்கு இருக்கை பதிந்துவிடுவோம். நானும் அப்படித்தான். ஒரு இடத்திலும் கேட்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

மகள் ரொறன்ரோவில் இருக்கிறாள். அவளுக்கு ஒரே பயம். வெள்ளவத்தையில் மருமகனின் தமையனுடைய ஃபிளாட் ஒன்று பூட்டிக் கிடந்தது. "ஆறு மாசம் இருந்து பாருங்கோ அம்மா. சரிவந்தால் யாழ்ப்பாணத்து வீட்டை வித்துப்போட்டு அங்கையே இருக்கலாம்" என்றாள். நான் அவரிடம் கேட்காமலே ஓம் என்றேன். அவர்தான் பதில் சொல்ல மாட்டாரே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கொழும்பைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். அந்த ஃபிளாட் ஐந்தாம் மாடி. லிஃப்ட் உண்டு. குழாயைத் திறந்தால் எந்த நேரமும் நல்ல தண்ணீர், எங்கள் கிணற்றைப் போலக் கோடையில் உவர்க்காது. கீழே இறங்கினால் மருந்துக்கடை, தோசைக்கடை, தையல் நூல் விற்கிற கடைகூட. முடுக்குக்கு முடுக்கு தமிழ் கேட்கும். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண்பிள்ளை வாரத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வந்தது. மலைநாட்டில் ஹற்றன் பக்கத்துப் பிள்ளை, இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். கோப்பை, பூட்டுத் திறப்பு, சீப்பு என்று படங்களை அடுக்கி வைத்து, பெயர் சொல்லச் சொல்லும். பொறுமையான பிள்ளை.

இரண்டாம் நாளே அது என் பிழையைப் பிடித்துவிட்டது. அவர் "சீ... சீ..." என்று தவிக்க, நான் குறுக்கே "சீப்பு" என்றேன்.

"அம்மா, நீங்க சொல்லாதீங்க. ஐயா சொல்லட்டும்."

"அவர் கஷ்டப்படுறார் பிள்ளை."

"படட்டும். நீங்க சொல்லிட்டா அவர் எதுக்குச் சொல்லணும்?"

எனக்குக் கோபம் வந்தது. அடுப்படிக்குப் போய்ச் சட்டியைக் கழுவினேன். கழுவின சட்டியை மறுபடியும் கழுவினேன். பிள்ளை சொன்னது சரி. அதனால்தான் கோபம்.

ஒருநாள் மழை. பிள்ளை ஒன்றரை மணித்தியாலம் பிந்தி நனைந்துகொண்டு வந்தது. துவாய் கொடுத்து, எங்கே இருந்து வருகிறாய் என்று கேட்டேன். கடவத்தைக்கு அங்கால் ஓர் அறையில் நாலு பிள்ளைகள் சேர்ந்து இருக்கிறார்களாம். விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறது. திரும்பிப் போய்ச் சேர இரவு எட்டு. "பஸ்ஸிலதான் அம்மா பாதி சீவியம்" என்று சிரித்தது. சிரித்துவிட்டு உடனே படங்களை எடுத்தது. பெரிய நகரம் எல்லாம் தருகிறது என்கிறார்கள். தருகிற கையே இப்படித் தேய்ந்துபோய் வருகிறது. அதற்கு யார் வைத்தியம் பார்க்கிறது?

பயிற்சி முக்கால் மணித்தியாலம். மற்ற நேரமெல்லாம் அவர் யாரோடு கதைப்பது? எதிர் வீட்டில் வல்வெட்டித்துறைத் தம்பதி இருந்தார்கள். பிள்ளைகள் லண்டனில். கதவைத் தட்டினால் முதலில் சங்கிலி, பிறகு ஒரு கண், பிறகு குரல்: "ஓ, நீங்களே? நான் பயந்திட்டன்." நல்ல சனம்தான். ஆனால் அந்தக் கட்டடத்தில் எல்லாரும் அப்படித்தான். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து தொலைபேசி எடுக்கிற நேரத்துக்காகக் கதவைப் பூட்டிவிட்டுக் காத்திருக்கிற கிழடுகள். ஐந்து மாடியும் எங்கள் ஆட்கள். லிஃப்ட்டுக்குள் ஒருவரும் வாய் திறப்பதில்லை. எல்லாரும் மேலே எரிகிற இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அவரை வெளியே நடத்திக்கொண்டு போகப் பார்த்தேன். காலி வீதியைக் கடக்க வேண்டும். பச்சை விளக்கு எரிகிற நேரம் கால் சுகமான ஆட்களுக்குக் காணும், இவருக்குக் காணாது. அவர் நடு வீதிக்குப் போகும்போது விளக்கு மாறிவிட்டது. நாலு பக்கமும் ஹோர்ன். அவர் விறைத்துப்போய் நின்றார். முன்னால் நின்ற பஸ்ஸின் சாரதி கதவைத் திறந்து இறங்கி, கையைக் காட்டி மற்ற வாகனங்களை மறித்து, சிங்களத்தில் அவர்களுக்கு நல்ல ஏச்சுக் கொடுத்து, என் வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துக் கரை சேர்த்தார். பஸ்காரனைக் கண்டதும் இவருடைய கண் கலங்கிவிட்டது. எத்தனை பஸ்காரரோடு சண்டை பிடித்த மனுஷன்.

அதன் பிறகு அவர் வெளியே வர மறுத்துவிட்டார். யன்னலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் துண்டாகக் கடல் தெரியும். கடலுக்கு முன்னால் ரயில் பாதை. ஒவ்வொரு ரயில் போகும்போதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பத்திரிகையின் ஓரத்தில் இடக்கையால் நேரத்தைக் கோணல் கோணலாக எழுதுவார். ரயில் பிந்தினால் தலையை ஆட்டுவார். நாலு மாதம் இதுதான் அவருடைய சீவியம். படம் பார்த்துச் சொல்ல எட்டுச் சொல்லு வந்தது. ஆனால் ஒருநாளும் தானாக ஒரு சொல்லு வரவில்லை. பிள்ளை என்னிடம் தனியாகச் சொன்னது: "படத்தப் பார்த்துச் சொல்றது வேற அம்மா. யாராச்சும் கேக்கணும், இவர் பதில் சொல்லணும். அது நடக்கணும்."

நாலாம் மாதம் முடிய ஊரில் வீட்டைப் பார்க்க ஆள் வந்திருப்பதாகத் தகவல் வந்தது. சுவிஸில் இருந்து வந்தவர், இரண்டு கிழமைதான் நிற்பாராம். என் வீட்டுக்காரரை ஃபிளாட்டில் தனியே விட முடியாது. இரண்டு பேருமாக ரயில் ஏறினோம்.

வந்து சேர்ந்த அடுத்த நாள் காலை நான் பின்வளவு கூட்டிக்கொண்டு நின்றேன். படலைச் சத்தம் கேட்டது. பார்த்தால் மனுஷன் பொல்லை ஊன்றிக்கொண்டு தனியே ஒழுங்கையில் போகிறார். விளக்குமாற்றோடு ஓடினேன். கூப்பிட்டால் திரும்பும்போது விழுந்துவிடுவாரோ என்று பயம், பத்தடி பின்னால் சத்தமில்லாமல் போனேன்.

எங்கள் ஊரில் வெளிக்கிட்டுப் போகிற ஆளைப் பார்த்து 'எங்கை போறியள்' என்று கேட்க மாட்டார்கள். அப்படிக் கேட்டால் போகிற காரியம் சரிவராது என்று ஒரு நம்பிக்கை. ஆனால் கேட்காமலும் விட மாட்டார்கள். அதனால் "தூரமோ?" என்று கேட்பார்கள். பதிலுக்கு ஒருவரும் உண்மை சொல்வதில்லை. "இல்லை, உதிலைதான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். உதில் என்றால் இந்தா, கண்ணுக்கெட்டின இடம். கண்டிக்குப் போகிறவனும் உதிலைதான். எனக்கு இந்தக் கேள்வியைக் கண்ணில் காட்டக்கூடாது. வயசுக்கு வந்த நாளில் இருந்து வீட்டை விட்டு இறங்கினால் பதினைந்து பேருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். பொம்பிளை என்றால் இன்னும் கூட. ஒழுங்கை முழுக்கப் பொலிஸ் என்று ஏசுவேன். கொழும்பில் நாலு மாதமும் ஒருவரும் கேட்கவில்லை. அது ஒன்றுதான் எனக்கு அங்கே முழுச் சந்தோஷம்.

மீன்காரர் சைக்கிளில் எதிரே வந்தார். பெட்டியில் மீன், பின்னால் இரண்டு பூனை. ஒரு காலை ஊன்றி நிறுத்திக் கேட்டார்.

"என்ன அண்ணை, கனகாலம் காணேல்லை. தூரமோ?"

அவர் நின்றார். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. என் வாய்க்குள் பதில் வந்துவிட்டது. 'அவருக்குப் பேச்சு வராது தம்பி' என்று சொல்ல மூச்சும் எடுத்துவிட்டேன். அந்த ஹற்றன் பிள்ளையின் குரல் காதுக்குள் கேட்டது. வாயை இறுக்கி மூடினேன். விளக்குமாற்றைப் பிடித்த கை நோகும் அளவுக்கு.

மீன்காரர் அவசரப்படவில்லை. அவருக்கு எங்கள் கதை தெரியுமோ தெரியாதோ. காலை ஊன்றிக்கொண்டு, பூனையைக் கலைத்துக்கொண்டு நின்றார்.

"உ..." என்றார் இவர். "உ... உதிலை."

"ஓம் ஓம், பாத்துப் போட்டு வாங்கோ" என்றுவிட்டு மீன்காரர் போய்விட்டார். அவருக்கு அது ஒரு பதில், அவ்வளவுதான். நான் மதிலில் சாய்ந்துகொண்டு அழுதேன். அழுகை நின்றதும் கோபம் வந்தது. நாலு மாதம், எத்தனை படம், எத்தனை பஸ் ஏறி வந்த பிள்ளை. கடைசியில் நான் வாழ்நாள் முழுக்க வெறுத்த கேள்விக்கு இந்த மனுஷன் வாய் திறக்கிறார்.

அந்தப் பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். பஸ்ஸுக்குள் நின்றுதான் கதைத்தது, சத்தம் கேட்டது. துள்ளாத குறை. பிறகு கேட்டது: "யாழ்ப்பாணத்துலயே என் கூடப் படிச்ச அக்கா ஒருத்தங்க இதே வேலை பார்க்கிறாங்களே அம்மா. நீங்க ஏன் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க?"

என்ன சொல்ல? எங்கள் ஆட்கள் கேட்க மாட்டார்கள் பிள்ளை, நேரே கொழும்புதான் என்றா? அந்த அக்கா இருக்கிற கிளினிக் எங்கள் வீட்டில் இருந்து ஓட்டோவில் பத்து நிமிடம்.

உடனே யாழ்ப்பாணத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கே, உதிலை என்று சொன்ன அதே மனுஷன், அறுபது அடி தள்ளி விழப் பார்த்தார். ஒழுங்கை முகப்பில் தெருவோரக் கான், மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். மேலே மூடின கொங்கிறீட் பலகையில் இரண்டைக் காணவில்லை. எத்தனையோ மழைக்காலமாக அது அப்படித்தான் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. கானை விட்டு விலகினால் மோட்டார் சைக்கிள். நடக்கிற ஆளுக்கென்று ஒரு முழ இடம் இந்த ஊரில் இல்லை. சந்தை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில், சேர்ச் எல்லாம் கைக்கெட்டின தூரத்தில் இருக்கின்றன. அந்தத் தூரத்தைக் கால் வழங்காத ஒருவன் நடக்க முடியாது. களைத்தால் குந்த ஒரு வாங்கு இல்லை. கொழும்புக்கு இந்த நோய் வந்தால் எனக்கு விளங்கும், அது பெரிசு, சனம் கூட. இந்த அளவான ஊருக்கு என்ன கேடு? இரண்டு பலகை போட எத்தனை கோடி வேண்டும்?

ஆனாலும் அவர் நாளும் போனார். நான் பத்தடி பின்னால். பால் கொண்டுவருகிற அம்மா, ஓட்டோக்காரர், பள்ளிக்கூட வாசலில் கச்சான் கடலை விற்கிறவர், எல்லாரும் கேட்டார்கள். முதல் மூன்று நாள் உதிலை. நாலாம் நாள் "சந்தி மட்டும்." ஒரு சொல்லு இரண்டாகிவிட்டது. கச்சான்காரருக்கு அவர் சொன்னது விளங்காவிட்டால், "என்ன அண்ணை, திரும்பச் சொல்லுங்கோ, காது மந்தம்" என்பார். காதுக்கு ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும்.

பிறகு பஸ் நிலையம் போக வேண்டும் என்று கையால் காட்டினார். ஓட்டோவில் கூட்டிப்போனேன். பழைய சாரதிகளும் நடத்துநர்களும் சூழ்ந்துகொண்டார்கள். நல்லவேளை, ஒருவரும் செத்த வீட்டுக் குரலில் கதைக்கவில்லை. பருத்தித்துறை பஸ்காரர் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"ஐயா, இண்டைக்குப் பத்து நிமிசம் பிந்திப்போச்சு. எழுதிப்போடாதையுங்கோ."

இவர் கடிகாரத்தைப் பார்த்தார். சுவரில் இருந்த நேர அட்டவணையைப் பார்த்தார். வாய் கோணியது, கழுத்து நரம்பு எழும்பியது.

"பதி... பதினொண்டு."

அந்த இடமே சிரித்தது. "இந்தாள் நோய் வருத்தத்திலையும் ஒரு நிமிசம் விட்டுத்தராது" என்று ஒருவர் கத்தினார். இவரும் சிரித்தார். பாரிசவாதம் வந்த பிறகு அன்றைக்குத்தான் முதலில் சத்தம் போட்டுச் சிரித்தார்.

அடுத்த நாள் வீடு வாங்க வந்தவர் வந்தார். சுற்றிப் பார்த்து, கிணற்றை எட்டிப் பார்த்து, "எப்ப விடுவியள் அக்கா?" என்று கேட்டார். இரண்டு நாள் தாருங்கோ என்றேன். பின்னேரம் மகள் தொலைபேசியில் முகம் காட்டினாள். நான் நடந்ததைச் சொன்னேன். சந்தோஷப்பட்டு அழுதாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"நல்லதுதான் அம்மா. ஆனால் திரும்ப ஒரு அவசரம் வந்தால்? தலையிலை ஒப்பரேஷன் எண்டால் அங்கை எல்லாம் சரிவருமோ?"

"வராட்டில் அப்ப கொண்டு போவம்."

"அப்ப நேரம் இருக்குமோ? நான் இஞ்சை இருந்து என்ன செய்யிறது, சொல்லுங்கோ?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் அதை இல்லை என்று சொல்லவில்லை. அவள் அங்கே பனிக்குள் இரண்டு வேலை செய்துகொண்டு, படுக்கும்போது தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறவள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்தால் அவளுக்கு நித்திரை வரும். அவளோடு சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. சரி, விற்போம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"அப்பாட்டைக் கேள்" என்றேன். கொழும்புக்கு வெளிக்கிட முன்னமே சொல்லியிருக்க வேண்டிய சொல்லு. தொலைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"அப்பா, நீங்கள் சொல்லுங்கோ. கொழும்புக்குப் போவமோ?"

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். என் முகத்தில் அவர் பதில் தேடக்கூடாது. மகள் பொறுமையில்லாதவள், ஆனால் அன்றைக்குக் காத்திருந்தாள்.

"தூரம்" என்றார்.

"ஒரு ரயில் பயணம்தானே அப்பா?"

தலையை ஆட்டினார். கையைத் தூக்கி ஒழுங்கைப் பக்கம் காட்டினார். பிறகு நெஞ்சைத் தொட்டார். பிறகு மறுபடியும், இந்த முறை திக்காமல், "தூரம், பிள்ளை."

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு துடைத்துக்கொண்டு, "சரி அப்பா. விக்கவேண்டாம்" என்றாள். என்னிடம் கடுமையாகச் சொன்னாள்: "அம்மா, அப்ப அந்தக் கான் பலகையை முதல் போடுவியுங்கோ. அவர் அதுக்குள்ளை விழுந்தால் நான் உங்களோடை கதைக்கமாட்டன்."

அவளுக்கு என்னுடைய வாய்.

சுவிஸ்காரரிடம் இல்லை என்று சொன்னேன். முகம் கறுத்தது, ஆனால் மரியாதையாகப் போனார். கொழும்பு போகிற ஒருவரிடம் ஃபிளாட்டின் திறப்பைக் கொடுத்து, எதிர் வீட்டு வல்வெட்டித்துறை அம்மாவிடம் சேர்க்கச் சொன்னேன். அந்த அம்மாவுக்கும் ஒருநாள் வந்து எங்களோடு நில்லுங்கோ என்று சொல்லி விட்டேன். வருவாரோ தெரியாது.

திங்கட்கிழமை மாநகரசபைக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதினேன். வடிவான எழுத்து இல்லை, வடிவான சொல்லும் இல்லை. மூடியில்லாத கானையும், அதன் பக்கத்தில் பொல்லோடு நிற்கிற என் வீட்டுக்காரரையும் படம் எடுத்துச் சேர்த்துவைத்தேன். நல்ல சீலை உடுத்துக்கொண்டு படலையைத் திறந்தேன். மீன்காரர் வாசலிலேயே நின்றார்.

"என்ன அக்கா, வெளிக்கிட்டாச்சு. தூரமோ?"

வாழ்நாளில் முதல் தடவை உண்மையைச் சொன்னேன். "கந்தோருக்கு. கான் மூடி இல்லையெண்டு சண்டை பிடிக்கப் போறன்."

மீன்காரர் சைக்கிளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "கொஞ்சம் நில்லுங்கோ அக்கா. மீனை வித்துப்போட்டு நானும் வாறன். போன மாரியிலை என்ரை சைக்கிள் சில்லும் அதுக்குள்ளை போனது."

பின்னால் பொல்லுச் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது. கடிகாரத்தை எங்கள் இரண்டு பேர் முகத்துக்கும் நேரே நீட்டி, ஒழுங்கைக்குக் கேட்கச் சொன்னார்:

"பிந்திப்போச்சு."